பாடாமல் பின்னிய கூடுகள்

கண்மாய்க் கரையில் ஒரு கருவேலமரம். அதில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாய் வாழ்ந்தன. மரம் தண்ணீருக்கு மேலே சாய்ந்து நின்றதால் பூனைக்கும் கீரிக்கும் அங்கே வேலை இல்லை. கிளை நுனிகளில் கூடுகள் தொங்கின. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே பாட்டும் கூச்சலும்தான்!

அந்தக் குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழை தொடங்கியதும் ஆண் குருவிகள் கூடு பின்னும். கூடு பாதி முடிந்து, கவிழ்த்த கிண்ணம்போலத் தொங்கும் சமயத்தில் 'கூடு பார்க்கும் நாள்' வரும். அன்று பெண் குருவிகள் வந்து ஒவ்வொரு பாதிக் கூட்டிலும் உட்கார்ந்து பார்க்கும். அலகால் நாரை இழுத்துப் பார்க்கும். ஆட்டிப் பார்க்கும். பிடித்திருந்தால் அங்கேயே தங்கிவிடும். பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தையும் பேசாமல் பறந்துவிடும். மனிதர்கள் பெண் பார்க்கப் போவதைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, "தலைகீழாகச் செய்கிறார்களே!" என்று அந்தக் குருவிகள் சிரித்தனவாம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பின்னும்போது எல்லாக் குருவிகளும் சேர்ந்து பாடும். ஒன்று தொடங்கும், மற்றவை பிடித்துக்கொள்ளும். "இழு இழு, செருகு செருகு, சுத்து சுத்து, இறுக்கு!" அவ்வளவுதான் பாட்டு. எதற்காகப் பாடுகிறோம் என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பாட்டுக்குத் தக்கபடி அலகு தானாக ஓடும்.

போன வருஷம் காற்று பலமாக அடித்தது. கருவேலமரத்தில் நிறையக் கூடுகள் தேறவில்லை. எதிர்க்கரையில் ஒரு பனைமரம் இருந்தது. அங்கேயும் ஒரு தூக்கணாங்குருவிக் கூட்டம். அவர்களுடைய கூடுகள் மட்டும் நன்றாகத் தேறிவிட்டன. அன்றிலிருந்து கருவேலமரக் கூட்டத்தின் தலைவர் பொன்முடியாருக்குத் தூக்கமே போய்விட்டது. எழுந்ததும் பனைமரத்தைப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார்.

இதைப் புதருக்குள்ளிருந்து ஒருவன் கவனித்துக்கொண்டிருந்தான். அவன் செவலை என்கிற செம்போத்துப் பறவை. செம்போத்தைப் பார்த்துவிட்டுப் போனால் போகிற காரியம் நடக்கும் என்று மனிதர்கள் சொல்வதை அவன் எப்படியோ கேட்டுவிட்டான். அதிலிருந்து ஊருக்கெல்லாம் யோசனை சொல்வதே அவனுக்குத் தொழில்.

ஒருநாள் செவலை மெல்ல நடந்து வந்தான்.

"வணக்கம் பொன்முடியாரே! போன வருஷம் எதிர்க்கரையில எத்தனை கூடு தேறுச்சுன்னு தெரியுமா?"

பொன்முடியாரின் முகம் சுருங்கியது. "தெரியும்யா. அதை ஏன் இப்பக் கிளறுறீங்க?"

"உங்க நல்லதுக்குத்தான்! அங்க பிள்ளைங்க வாயைத் திறக்கிறதே இல்லை. குனிஞ்ச தலை நிமிராமப் பின்னுதுங்க. இங்க எப்பப் பார்த்தாலும் பாட்டு! குருவிக்கு அலகு ஒண்ணுதானே? பாடுற நேரம் பின்னுற நேரத்துல குறையுமா, குறையாதா?"

ஓலையன் என்ற பெரிய குருவி குறுக்கே பேசினார். "அங்க பாடுறதில்லைன்னு நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

"பார்க்காமலா சொல்றேன்! நீங்க வேணா இங்கிருந்தே காதைக் கொடுத்துக் கேளுங்க. ஏதாவது கேக்குதா?"

எல்லாக் குருவிகளும் காதைக் கொடுத்தன. ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதங்களில் காற்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அடித்தது. அந்தக் கரைப் பாட்டு எப்படி இங்கே கேட்கும்? யாரும் அதை யோசிக்கவில்லை. பறந்து போய்ப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். யாரும் போகவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டி ஒரு யோசனை சொன்னால் பெரியவர்கள் எதிர்க்கேள்வி கேட்கவே மாட்டார்கள். குருவியானால் என்ன, மனிதனானால் என்ன!

"சரிதான். அலகு ஒண்ணுதான்," என்றார் பொன்முடியார். அன்றே உத்தரவு போட்டார். "கூடு பார்க்கும் நாள்வரைக்கும் யாரும் பாடக் கூடாது! இளசுகள் தனித்தனிக் கிளையில உக்காந்து பின்னணும். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேசிக்கக் கூடாது. நடுவுல இலையை மடிச்சு மறைப்புக் கட்டுங்க!"

செவலை தலையை ஆட்டிக்கொண்டே புதருக்குள் போய்விட்டான்.

அவனுக்கு ஏன் இந்த அக்கறை? செவலைக்கு முட்டை என்றால் உயிர். மரம் பாடிக்கொண்டிருந்தவரை அவனால் ஒரு முட்டையைக்கூடத் தொட முடியவில்லை. அவன் எந்தக் கிளையில் கால் வைத்தாலும் அந்தக் கிளையின் பாட்டு சட்டென்று நிற்கும். உடனே மரமே திரும்பிப் பார்க்கும். எல்லாமாய்ச் சேர்ந்து அவன் தலையில் கொத்தும். இனிமேல் மரம் முழுக்க அமைதி. எங்கே பாட்டு நின்றது என்று யாருக்குத் தெரியப் போகிறது? முன்னாலேயே ஜோடி சேர்ந்த சில பெரியவர்களின் கூடுகளில் முட்டைகள் இருந்தன. செவலை சப்புக்கொட்டிக்கொண்டு, அவர்கள் கூட்டைவிட்டு நகரும் நேரம் பார்த்துக் காத்திருந்தான்.

ஓலையனுக்குக் கீற்றன் என்று ஒரு மகன். தலையில் மஞ்சள் இப்போதுதான் அரும்பியிருந்தது. அவன் பின்னும் முதல் கூடு இது. ஓலையன் கட்டின கூடு புயலுக்கும் அசையாது என்று கண்மாய் முழுக்கப் பேர். அந்தப் பேர் கீற்றன் முதுகில் பாரமாய் உட்கார்ந்திருந்தது.

கீற்றன் நெல்தாளைக் கிழித்து நார் கொண்டுவந்தான். கிளையில் சுற்றினான். முடிச்சுப் போட்டான். முன்பெல்லாம் விளையாட்டாய்ப் பின்னிப் பழகும்போது பாட்டு அவனை அடுத்த முடிச்சுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். இப்போது பாட்டு இல்லை. அந்த இடத்தில் கேள்விகள் வந்து உட்கார்ந்தன.

'இந்த முடிச்சு சரியா? போன முடிச்சு? அதற்கு முந்தினது? தேறாமல் போனால் அப்பா என்ன சொல்வார்? கூட்டமே பார்க்குமே!'

நெஞ்சு படபடவென்று அடித்தது. போட்ட முடிச்சை அவிழ்த்தான். திரும்பப் போட்டான். திரும்ப அவிழ்த்தான்.

ஓலையன் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தார். "எவ்வளவு ஆச்சு?"

"ஆயிட்டு இருக்குப்பா."

"பக்கத்துக் கிளைக் குருத்தன் வளையமே போட்டு முடிச்சிட்டான்! நீ இன்னும் கிளையையே சுத்திக்கிட்டு இருக்க!"

அம்மா ஒரு வெட்டுக்கிளியைக் கொண்டுவந்தாள். "ஒரு வாய் சாப்பிடுடா. முகமே வாடிப்போச்சு."

"அப்புறம்மா."

மறுநாளும் அவள் கொண்டுவந்தாள். மறுநாளும் "அப்புறம்மா" தான். வெட்டுக்கிளிகள் எறும்புக்குப் போயின. கண்ணை மூடினால் கூடு அறுந்து தண்ணீரில் விழுந்தது. கழுத்தில் இறகு உதிர்ந்து சொட்டையானது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டே இருந்தான்.

பக்கத்துக் கிளை மறைப்புக்குப் பின்னால் குருத்தனுடைய அப்பா அவனிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் தெரியுமா? "கீற்றனைப் பார்! ஓலையன் பிள்ளை! சத்தம் போடாம எப்படி வேலை பார்க்கிறான்!" குருத்தனுக்கும் இறகு கொட்டிக்கொண்டிருந்தது. அவனும் யாரிடமும் சொல்லவில்லை. மரம் முழுக்க இளசுகள் இப்படித்தான் இருந்தன. மறைப்புகள் நடுவில் நின்றதால், தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொன்றும் நினைத்துக்கொண்டது. இதைவிடக் கொடுமை வேறு உண்டா?

ஒரு மதியம் கீற்றன் தன் கூட்டை மொத்தமாகப் பிய்த்துப்போட்டான். நார்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் மிதந்தன. அவன் மரத்தைவிட்டு இறங்கினான். கரையில், எந்த மறைவும் இல்லாத வெறும் சேற்றுத்திட்டில் போய் உட்கார்ந்தான்.

தூவி அதைப் பார்த்துவிட்டாள். அவள் கீற்றனோடு ஒரே மழைக்காலத்தில் பொரிந்த பெண் குருவி. பதறிப்போய்ப் பறந்து வந்தாள்.

"டேய்! மேல பருந்து சுத்துது! தெரியலையா உனக்கு?"

"தெரியுது."

அந்த ஒரு சொல்லில் தூவிக்கு உடம்பு சில்லிட்டது.

"தெரிஞ்சுமா உக்காந்திருக்க?"

"தூக்கிட்டுப் போனாப் போகட்டும். கூடு கட்ட வேண்டியதில்லை பாரு."

தூவிக்கு அழுகை வந்தது. அவன் அப்பாவைக் கூப்பிட மேலே போகலாம். போய் வருவதற்குள் பருந்து இறங்கிவிட்டால்? அவள் அவன் பக்கத்தில் அதே சேற்றில் உட்கார்ந்தாள்.

"நீ போ தூவி!"

"மாட்டேன். நீ எழுந்தாத்தான் நானும் எழுவேன்."

பருந்தின் நிழல் அவர்கள் மேல் விழுந்து போனது. திரும்ப வந்தது. இந்த முறை நிழல் பெரிதாக இருந்தது. கீற்றன் தன்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. பக்கத்தில் தூவி வெடவெடவென்று நடுங்குவதை அவனால் தாங்க முடியவில்லை.

"வா!" என்று கத்தினான். இருவரும் விசுக்கென்று பறந்து நாணல் காட்டுக்குள் விழுந்தார்கள். பருந்து வெறும் சேற்றைக் கீறிவிட்டு மேலே போனது.

இருவருக்கும் மூச்சு வாங்கியது. தூவிக்கு ஒரு பழக்கம். பயந்தால் அலகால் எதையாவது தட்டுவாள். இப்போது காய்ந்த நாணல் தண்டைத் தட்டினாள். டொக், டொக். டொக், டொக். உள்ளே பொந்தாய் இருந்த தண்டு நன்றாகவே ஒலித்தது.

"எனக்கும் பயமா இருக்குடா," என்றாள் அவள்.

"உனக்கென்ன பயம்? நீ கூடா கட்டப்போற? பார்க்கத்தானே போற!"

"அதான்டா பயமே! தப்பான கூட்டைப் பார்த்து நல்லாயிருக்குன்னு உக்காந்துட்டா, முட்டையெல்லாம் தண்ணிக்குள்ள போயிடும். அம்மா தினமும் சொல்றாங்க. எனக்கு நெஞ்சு அடைக்குது."

கீற்றன் வாயைப் பிளந்தான். பார்க்க வருகிறவர்களுக்கும் பயம் இருக்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. "எனக்குந்தான் நெஞ்சு அடைக்குது," என்றான்.

தூவி தட்டிக்கொண்டே இருந்தாள். டொக், டொக். அந்தத் தட்டலில் அவளை அறியாமல் சொற்கள் ஏறின. "பயமா இருக்கு..." என்று மெல்ல இழுத்தாள். டொக், டொக்.

"எனக்குந்தான்!" என்றான் கீற்றன். அது தானாகவே தாளத்தில் விழுந்தது.

"தூக்கம் இல்லை..."

"எனக்குந்தான்!"

"இறகு கொட்டுது..."

"எனக்குந்தான்!"

அவன் குரல் கரகரத்தது. இத்தனை நாள் பூட்டி வைத்த குரல் எப்படி இருக்கும்? ஆனாலும் பாட வேண்டுமென்றால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், முழுசாய் வெளியே விட வேண்டும். அவன் பல நாட்களாக மூச்சையே பாதிப் பாதியாகத்தான் விட்டுக்கொண்டிருந்தான். பாடப் பாட நெஞ்சின் படபடப்பு நாணல் தட்டலோடு சேர்ந்து மெதுவாக நடந்தது.

மறுநாள் மதியம் அவர்கள் குருத்தனை அழைத்து வந்தார்கள். குருத்தன் முதலில் வாயைத் திறக்க மறுத்தான். "பெரியவங்களுக்குத் தெரிஞ்சா?" என்று சுற்றுமுற்றும் பார்த்தான். "தினமும் கீற்றனைப் பாருன்றாங்க..." என்று தூவி அவனுக்காகப் பாடினாள். கீற்றன் "எனக்குக் குருத்தனைப் பாருன்றாங்க!" என்று எடுத்துக் கொடுத்தான். குருத்தன் திகைத்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் அழுதான். அழுது முடித்ததும் பாடினான்.

ஒவ்வொருவராய் இளசுகள் வந்தன. ஒன்று தண்டைத் தட்டும். ஒன்று இலையை அலகில் கவ்வி ஊதும். குரல் இல்லாத ஒன்று இறகை மட்டும் அடித்துக்கொள்ளும். தன் பயத்தை ஓர் அடியாக்கி யாராவது பாடினால், மற்ற எல்லாமும் "எனக்குந்தான்!" என்று திருப்பிப் பாடும். பாடிவிட்டு மரத்துக்குப் போய்ச் சத்தமில்லாமல் பின்னும். மனசுக்குள் பாட்டு ஓடும். கீற்றன் புதிதாகக் கூடு தொடங்கினான். பழைய நார் கொஞ்சம், புது நார் கொஞ்சம். இந்த முறை அவிழ்க்கவில்லை.

ஆனால் பிடிபட்டுவிடுவோமே என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பயம் வீண்போகவில்லை.

மகன் மதியத்தில் காணாமல் போவதை ஓலையன் கவனித்துவிட்டார். 'வேலையைப் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறானா?' கோபத்தோடு பின்னாலேயே வந்தார். நாணல் காட்டின் ஓரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. அவருக்கு ரத்தம் கொதித்தது. "டேய்!" என்று கத்தச் சிறகை விரித்தார்.

அப்போது உள்ளே கீற்றனின் முறை வந்தது.

"அப்பா வர்றாரு..." என்று பாடினான். டொக், டொக். "எவ்வளவு ஆச்சுன்னு கேப்பாரு..." டொக், டொக். "அவர் முகத்தைப் பார்க்கப் பயமா இருக்கு..."

"எனக்குந்தான்!" என்றது அத்தனை இளசும்.

"சேத்துல உக்காந்தேன், பருந்து வரட்டும்னு..."

இதற்கு யாரும் "எனக்குந்தான்" சொல்லவில்லை. தட்டல் மட்டும் நிற்காமல் அவனுக்காக நடந்தது. தூவி அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

ஓலையனின் சிறகு தானாகத் தாழ்ந்தது. தன் பிள்ளை சேற்றில் உட்கார்ந்ததை, பருந்துக்காகக் காத்திருந்ததை, அவர் ஒரு பாட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நாணலைப் பிடித்துக்கொண்டார். அது அசைந்தது. இளசுகள் திரும்பிப் பார்த்தன. பாட்டு அப்படியே செத்தது.

"அப்பா..." கீற்றன் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான்.

ஓலையன் அந்தச் சொட்டைக் கழுத்தைப் பார்த்தார். பிறகு அலகால் ஒரு தண்டைத் தட்டினார். டொக், டொக். உடைந்த குரலில் பாடினார்.

"என் பிள்ளை என்னாவானோன்னு பயமா இருக்கு..."

கீற்றன்தான் முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மிக மெதுவாகச் சொன்னான்.

"எனக்குந்தான்ப்பா."

மறுநாள் விடிந்ததும் ஓலையன் கருவேலமரத்தின் உச்சிக் கிளையில் போய் உட்கார்ந்தார். இலை மறைப்புகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப்போட்டார். பிறகு நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினார். "இழு இழு, செருகு செருகு..."

"ஓலையா! பைத்தியமா பிடிச்சிருக்கு?" பொன்முடியார் பாய்ந்து வந்தார். "கூடு பார்க்கும் நாள் நெருங்கிருச்சு! இப்பப் போய்ப் பாட்டா?"

"பிள்ளைங்க கழுத்தைப் பாருங்கய்யா! ஒண்ணொண்ணையும் பாருங்க!"

பொன்முடியார் பார்த்தார். மறைப்பு இல்லாத மரத்தில் எல்லாம் தெரிந்தது. சொட்டைக் கழுத்துகள், குழிந்த கண்கள். அவருக்குத் திக்கென்றது. ஆனாலும் உத்தரவு போட்டவராயிற்றே, சட்டென்று இறங்கிவர முடியுமா? "அதுக்கும் பாட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார்.

இதற்குள் இளசுகள் பாட்டைப் பிடித்துக்கொண்டன. மேற்குக் கிளை, கிழக்குக் கிளை, தண்ணீருக்கு மேலே தொங்கும் கிளை என்று மரம் முழுக்கப் பாட்டு ஏறியது. பெரியவர்கள் சிலரும் தங்களை மறந்து வாயசைத்தார்கள்.

திடீரென்று மேற்குக் கிளையில் பாட்டு நின்றது!

மற்றக் கிளைகள் எல்லாம் பாடிக்கொண்டிருக்க, அங்கே மட்டும் ஓட்டை விழுந்ததுபோல அமைதி. அத்தனை தலைகளும் மேற்கே திரும்பின. அங்கே, முட்டைகள் இருந்த கூட்டுக்கு எட்டும் தூரத்தில், செவலை ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.

"நா... நான் பாட்டை நிறுத்தச் சொல்லத்தான் வந்தேன்!" என்று உளறினான்.

"முட்டைக் கூட்டு வாசல்ல நின்னா?" என்றாள் தூவி.

குருவிகள் ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்தன. செவலை பயந்துபோய்ப் பின்னால் தாவினான். அவன் தாவி நின்றது பொன்முடியாரின் புதுக் கூட்டின் மேல்! சத்தமே போடாமல், கவனமாக, உத்தரவுப்படி அவர் பின்னிய கூடு அது. செவலையின் பாரம் பட்டதும் முடிச்சுகள் சரசரவென்று நழுவின. கூடும் செம்போத்தும் சேர்ந்து தண்ணீரில் தொபுக்கென்று விழுந்தன. தலையில் கூட்டை மாட்டிக்கொண்டு அவன் கரையேறி ஓடியதைப் பார்த்துத் தவளைகள்கூடச் சிரித்தன.

பொன்முடியார் மட்டும் சிரிக்கவில்லை. கிளையில் மிச்சமிருந்த தன் முடிச்சுகளைப் பார்த்தார். எல்லாம் தொளதொளவென்று கிடந்தன. "இறுக்கு" என்ற சொல் வரும் இடத்தில் பாட்டு அலகைச் சுண்டி இழுக்கும். பாட்டு போனதும் அந்த இழுப்பும் போய்விட்டது. அவர் நார் ஒன்றை எடுத்தார். தொண்டையைச் செருமினார். "ம்... எங்க விட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, பாட்டில் சேர்ந்துகொண்டார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கூடு பார்க்கும் நாள் வந்தது.

மரம் பாடிக்கொண்டிருந்தது. பெண் குருவிகள் கூடு கூடாய்ப் போயின. குருத்தனின் கூட்டில் ஒருத்தி தங்கினாள். கீற்றன் தன் கூட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறகை அடித்தான்.

அவன் கூட்டுக்கு வந்தது தூவி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் உட்கார்ந்தாள். ஆட்டிப் பார்த்தாள். கூடு தாங்கியது. அலகால் ஒரு நாரை இழுத்தாள். அது கீற்றன் பிய்த்த கூட்டிலிருந்து எடுத்துச் சேர்த்த பழைய நார். நைந்திருந்தது. அலகோடு வந்துவிட்டது. அடுத்ததை இழுத்தாள். அதுவும் வந்துவிட்டது.

சிநேகிதனுக்காக அங்கே தங்கலாம். காற்று ஒருமுறை அடித்தால் முட்டைகள் தண்ணீரில் போகும். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் பறந்துவிட்டாள்.

மரத்தில் பாட்டு நின்றது. எல்லாத் தலையும் கீற்றன் பக்கம் திரும்பியது. ஓலையன் கிளையை இறுகப் பிடித்தார். அம்மா அவசரமாய் வானத்தைப் பார்த்தாள், பருந்து இருக்கிறதா என்று. கீற்றன் கீழே சேற்றுத்திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிர்க்கிளையில் டொக், டொக் என்று கேட்டது.

தூவி கிளையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. "கஷ்டமா இருக்கு..." என்று பாடினாள்.

டொக், டொக்.

"கஷ்டமா இருக்கு..." என்று ஓலையனும் சேர்ந்து பாடினார்.

கீற்றன் சேற்றிலிருந்து கண்ணை எடுத்தான். மூச்சை இழுத்தான். அது உள்ளே போகவே நேரமாயிற்று.

"எனக்குந்தான்," என்றான்.

மரமே மூச்சு விட்டது. "எனக்குந்தான்!" என்று ஒவ்வொரு கிளையும் பாடியது. காற்று அன்று திசை மாறியிருந்தது. எதிர்க்கரைப் பனைமரத்திலிருந்து என்ன கேட்டது தெரியுமா? பாட்டு! அங்கேயும் காலங்காலமாகப் பாடிக்கொண்டுதான் பின்னியிருக்கிறார்கள். பொன்முடியார் தலையைக் குனிந்துகொண்டார்.

கீற்றன் தன் கூட்டில் நைந்த நார்களை மட்டும் உருவிப் போட்டான். புது நார் கொண்டுவந்தான். மழைக்காலம் இன்னும் மிச்சமிருந்தது. "இழு இழு, செருகு செருகு..." ஓலையன் எட்டிப் பார்த்தார். எவ்வளவு ஆச்சு என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அடியை முடிக்க முடிக்க அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார். உச்சிப்பொழுது வரை பாடிக்கொண்டே பின்னிய கீற்றன் சட்டென்று தலையை நிமிர்த்தினான்.

"அம்மா! பசிக்குது!"

அம்மா வெட்டுக்கிளியைத் தூக்கிக்கொண்டு பறந்து வந்தாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்து அவளுக்கு அழுகை நிற்கவே இல்லை.

நீதி: பிள்ளைகளின் மனப்பாரத்தை யாரும் அதட்டி இறக்க முடியாது, கூடிப் பாட இடம் கொடுத்தால் அவர்களே அதை இறக்கி வைத்துவிடுவார்கள்.